உமையா காலத்து வெள்ளி திர்ஹமைப் படிப்பது எப்படி?

உமையா என்பது அரபுப் பேரரசை ஆண்ட கலீபாக்களின் வம்சம்; திர்ஹம் அவர்களுடைய வெள்ளிக் காசு. அரபு தெரியாதவர்களும் இந்தக் காசைப் படித்துவிடலாம். எந்த ஊரில் அடித்தாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது ஊர்ப் பெயரும் ஆண்டும்.

தொடக்கத்தில் அரபு ஆளுநர்கள் பாரசீகத்தின் சாசானியக் காசையே, மன்னர் தலையும் தீ மேடையுமாக, ஓரத்தில் 'பிஸ்மில்லாஹ்' சேர்த்து அடித்துவந்தார்கள். உமையா கலீபா அப்துல் மலிக் உருவங்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்தை வைத்தார். வெள்ளியில் இது பரவலானது ஹிஜ்ரி 79 முதல், அதாவது கி.பி. 698-99.

முதல் படி: காசு தட்டையாக, மெல்லியதாக இருக்கும், எடை சுமார் 2.9 கிராம். கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

இரண்டாவது படி: நடுவில் மூன்றே வரி உள்ள பக்கத்தைத் திருப்புங்கள். 'லா இலாஹ இல்லல்லாஹு' என்று தொடங்கும். நமக்கு வேண்டியது அதைச் சுற்றி ஓடும் வரி. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் போங்கள்: 'பிஸ்மில்லாஹ், துரிப ஹாதத் திர்ஹம் பி...' இந்தத் திர்ஹம் அடிக்கப்பட்டது இன்ன ஊரில் என்று பொருள். 'பி'க்கு அடுத்தது ஊர். அப்புறம் 'ஃபீ சனத்' வந்தால், அடுத்து ஆண்டு. எண் கிடையாது, எல்லாம் சொல்தான். ஒன்றின் இடம் முன்னால், பத்தின் இடம் பின்னால். 'அர்பஃ வ திஸ்ஈன்' என்றால் நான்கும் தொண்ணூறும், 94.

மூன்றாவது படியில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். இந்தக் கூஃபி எழுத்தில், அதாவது பழைய கோண வடிவ அரபு எழுத்தில், ஓர் எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் புள்ளி பெரும்பாலும் இல்லை. புள்ளி போனால் ஏழும் (ஸப்ஃ) ஒன்பதும் (திஸ்ஃ) ஒரே நாலு பல் (பல் போல மேலே நீட்டிய சிறு கோடு) வரிசை; எழுபதும் தொண்ணூறும் அப்படியே. இங்கே வரலாறு கைகொடுக்கும். ஊர் வாசித் என்றால் கவலையில்லை: ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜ் அந்த நகரத்தைக் கட்டியதே ஹிஜ்ரி 80களில். ஆகவே அங்கே அடித்த காசில் எழுபதுகள் வர வழியே இல்லை, தொண்ணூறுதான்.

நான்காவது படி, கிறிஸ்து ஆண்டு: ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 94க்கு 713 வரும். சரியாகச் சொன்னால் 712-13.

கடைசியாகப் பின்பக்கம். நடுவில் 'அல்லாஹு அஹத்' என்று தொடங்கும் நாலு வரி இருந்தால் உமையா பாணி. அங்கே 'முஹம்மத் ரஸூலுல்லாஹ்' இருந்தால், 750இல் ஆட்சியைப் பிடித்த அப்பாசியருடையது.

டமாஸ்கஸ் காசுதான் படுத்தும். அங்கே 79, 97 இரண்டு ஆண்டும் உண்டு. லென்ஸில் பற்களைப் பாருங்கள்: வலமிருந்து முதல் பல் மட்டும் உயர்ந்திருந்தால் ஒன்பது, நாலாவது உயர்ந்திருந்தால் ஏழு. எல்லாம் சம உயரமா? விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள்.