சார்பியலின் துணையோடு சரியாக யோசிப்பது எப்படி?

விவாதம் முட்டி நிற்கும்போது, "எல்லாமே சார்பானதுதான், ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார்" என்று முடித்துவைப்பவர்கள் உண்டு. ஐன்ஸ்டைனின் இயற்பியல் கோட்பாடான சார்பியல் அப்படிச் சொல்லவில்லை. எந்த அளவு பார்ப்பவரைப் பொறுத்து மாறும், எது யாருக்கும் மாறாது என்பதைப் பிரித்துக் காட்டுவதே அதன் வேலை. ஆகவே, அதைக் கையாள விரும்புபவர் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பழக வேண்டும்.

முதல் கேள்வி, "எதைப் பொறுத்து?" என்பது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்குள், அது போகும் திசையிலேயே 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் நடைமேடையில் நிற்பவருக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறார். குறிப்பாயத்தை, அதாவது எதை நிலையாக வைத்து அளக்கிறோம் என்பதை, சொல்லாமல் வேகத்தை மட்டும் சொன்னால் அந்தக் கூற்று அரைகுறையானது. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் எந்தச் சோதனை செய்தாலும் கப்பல் நகர்கிறதா என்று கண்டறிய முடியாது என்பதை 1632-இலேயே கலிலியோ விளக்கியிருந்தார்.

இரண்டாவது கேள்வியான "எது மாறவில்லை?" என்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ரயிலுக்குச் செய்த கூட்டலை ஒளிக்குச் செய்தால் விடை தவறிவிடும். வெற்றிடத்தில் ஒளியின் வேகம், சீராக நகரும் யார் அளந்தாலும், நொடிக்கு 29,97,92,458 மீட்டர்தான். இதை மாறாததாக 1905-இல் ஐன்ஸ்டைன் ஏற்றுக்கொண்டதால், காலமும் நீளமும் மாறியே தீர வேண்டியதாயிற்று.

இரு கேள்விகளையும் ஒருசேரப் பழகுவதற்கு மியூயானைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதுவதால் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் இந்தத் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடிதான் என்பதால், ஒளியை நெருங்கிய வேகத்தில் பாய்ந்தாலும் அது சுமார் 660 மீட்டரில் சிதைந்துவிட வேண்டும். ஆனாலும் ஏராளமான மியூயான்கள் தரையை வந்தடைகின்றன. தரையிலிருந்து கணக்கிடுபவர், மியூயானின் கடிகாரம் மெதுவாக ஓடியதைக் காரணமாகச் சொல்வார். மியூயானோடு பயணிப்பவராக உங்களைக் கற்பனை செய்துகொண்டு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் கடிகாரம் வழக்கம்போல ஓட, வளிமண்டலத்தின் தடிமன்தான் சுருங்கியிருக்கும். விளக்கங்கள் வேறு, தரையிலுள்ள உணர்கருவியில் மியூயான் வந்து பட்டது என்பது இருவருக்கும் ஒன்றே.

இதே ஒழுங்கை அன்றாடப் பேச்சுக்கும் கொண்டுவரலாம். இருவர் முரண்படும்போது, முதலில் ஒவ்வொருவரும் எதை அடிப்படையாக வைத்து அளக்கிறார் என்று கேளுங்கள். பிறகு ஒருவரின் அளவீட்டை மற்றவரின் அளவீடாக மாற்றும் விதி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இயற்பியலில் அதற்கு லோரன்ஸ் உருமாற்றம் இருக்கிறது. ஒரே அடிப்படையில் அளந்தும் விடைகள் ஒத்துவரவில்லை என்றால், குறைந்தது ஒருவர் அளந்ததில் பிழை இருக்கிறது. அதைச் சார்பியலின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.