ஆலப்புழை படகு வீட்டில் முதல் பயணம்: ஏறும் முன்னும் ஏறிய பின்னும்

ஆலப்புழையில் படகு வீட்டை வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் மதியச் சாப்பாட்டில் கரிமீன் உண்டா, ஏசி இரவு எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்பவர்கள் குறைவு. நீரில் மிதக்கும் எதற்கும் எடை எவ்வளவு, அது எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்றும்தான் கணக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள படிகளில் பலவற்றுக்குக் காரணம் தானே விளங்கிவிடும்.

படி 1: முன்பணம் கொடுப்பதற்கு முன்

படகின் பதிவு எண், தகுதிச் சான்றிதழ், ஏற்றலாம் என அனுமதிக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கேட்டு, முடிந்தால் சான்றிதழின் படத்தை அலைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிற உரிமையாளரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவதே நல்லது, ஏனெனில் அங்கே படகுகளுக்குப் பஞ்சமில்லை. மடியில் உட்காரும் குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுங்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பறித்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகாக இருந்து மாற்றிக் கட்டப்பட்டது என்பதும், அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஏற்றியிருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 2: ஏறியவுடன், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்

உயிர்காப்பு மேலாடைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் மட்டும் போதாது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை நாங்கள் கேட்டபோது, அவை கட்டிலுக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன; சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. தண்ணீருக்குள் விழுந்த பிறகு அந்தக் கால் மணி நேரம் நமக்குக் கிடைக்காது.

மேலாடையை அணிந்து, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வார்களை இறுக்கிய பின், இன்னொருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அது மோவாயைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அளவு பெரிது. நீரில் ஆளை விட்டுவிட்டு மேலாடை மட்டும் மிதக்கும். குழந்தைக்குப் பெரியவர்களுடையதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது இதனால்தான் ஆபத்து. தையல் பிரிந்ததையும், உள்ளிருக்கும் நுரைத் தகடு நொறுங்கியதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மிதவை வளையம், தீயணைப்புக் கருவி ஆகியவை இருக்கும் இடத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: படகு ஓடும்போது

இந்தப் படகு வீடுகளைக் கெட்டுவள்ளம் என்பார்கள்; கட்டப்பட்ட வள்ளம் என்று பொருள். அயினி மரப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் பிணைத்து, முன்பு நெல்மூட்டை ஏற்றுவதற்காகச் செய்த படகு அது. மூட்டைகள் அடியில் கிடந்ததால் பாரம் தாழ்ந்திருந்தது. இன்றோ அதே வடிவத்தின் மேல் அறைகளும் மாடியும் ஏறிவிட்டன. ஆகவே மாடியில் எத்தனை பேர் நிற்கலாம் என்று ஸ்ராங்கு (படகை ஓட்டுபவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) சொல்லும் எண்ணிக்கையை மீறக் கூடாது. கரையில் எதையாவது பார்த்து எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்த படகு விபத்தில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

படகு ஒருபக்கம் சாய்வதாகத் தோன்றினால் அறைக்குள் இருக்காமல் திறந்த பகுதிக்கு வந்துவிடுங்கள். படகு ஓடும் நேரத்தில் அறைக் கதவை உள்ளே தாழிடாதீர்கள்.

படி 4: யாராவது விழுந்துவிட்டால்

உரக்கக் கத்தி ஸ்ராங்குக்குத் தெரிவியுங்கள்; படகைத் தள்ளும் விசிறி நீருக்குள் சுழன்று விழுந்தவரைத் தாக்காதபடி அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். ஒருவர் மட்டும் விழுந்தவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், ஏனெனில் ஆகாயத்தாமரைக் கூட்டத்தினிடையே ஒரு தலை நொடியில் மறைந்துவிடும். மற்றவர் மிதவை வளையத்தை எறிய வேண்டும். காப்பாற்றும் ஆவேசத்தில் பின்னாலேயே குதிப்பவர் பெரும்பாலும் இரண்டாவது ஆபத்தாகிவிடுகிறார். உதவிக்கு 112 எண்ணை அழைக்கலாம்.

படி 5: கரையில் கட்டிய பிறகு

மாலை ஐந்தரை மணியளவில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன்பின் காயல் (உப்பங்கழி) வலை வீசும் மீனவர்களுக்கு உரியது. இன்னும் ஒரு சுற்று போகலாமே என்று பணம் காட்டி வற்புறுத்தாதீர்கள். படகு நின்றுவிட்டதே என்ற அலட்சியம் வரும் நேரமும் இதுதான். படகுக்கும் வரப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி இருட்டில் தெரியாது, வரப்பும் வழுக்கும். குடித்துவிட்டு இரவில் நீந்த இறங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கால்வாயோரப் படித்துறைகள் அங்குள்ளவர்களுக்கு முற்றம் போன்றவை. பெண்கள் பாத்திரம் துலக்குவதையும் துணி துவைப்பதையும் படமெடுக்காதீர்கள், ஒலிபெருக்கியை நிறுத்துங்கள், குறுகிய கால்வாயில் வேகமாகப் போகச் சொல்லாதீர்கள். ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டு வயல்கள் பல கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பதால், நம் படகு கிளப்பும் அலை அரிப்பது அந்த வயல்களைக் காக்கும் வரப்பைத்தான்.