நண்டு, மட்டி விஷயத்தில் நாம் விடும் தவறுகள்

கொழும்பு முகத்துவாரத்தில் களனி கங்கை தெளிந்து கிடக்கும் நாளில், "தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்று மட்டி பொறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தவறு அதுதான். பார்க்க வேண்டியது தண்ணீரை இல்லை, அடிச்சேற்றை. ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களும் எண்ணெய்க் கழிவும் களித்துகளிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொண்டு கீழே படிந்துவிடும். பியகம, சபுகஸ்கந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளைத் தாண்டி வரும் ஆறு, கடலைத் தொடும் இடத்தில் வேகம் குறைந்து அந்த நுண்ணிய சேற்றை இறக்கிவிடுகிறது. புழு சேற்றையே விழுங்கும். மட்டி நீரை வடிகட்டும்போது சேற்றிலிருந்து கிளம்பிய துகளும் உள்ளே போகும். இரண்டையும் நண்டு தின்னும். கழிவதை விட வருவது கூடினால், மிச்சம் உடம்பில் தங்கும்.

நன்றாகக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும் என்பது அடுத்த தவறு. கிருமி சாகும், உலோகம் போகாது. நண்டின் ஓட்டைக் கழற்றினால் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கூழ் இருக்குமே, அதைக் கொழுப்பு என்கிறோம். உண்மையில் அது ஈரலின் வேலையைச் செய்கிற சுரப்பி. சதையை விட அங்கேதான் கட்மியம் பல மடங்கு சேரும். எங்கள் வீட்டில் அம்மா அதை ருசிக்காகக் குழம்பில் கரைத்துவிடுவார். கரைத்தால் கட்மியமும் குழம்பில் இறங்கும். இப்போது ஆற்றுவாய் நண்டு என்றால் அந்தக் கூழை வழித்து எறிந்துவிட்டுத்தான் சமைக்கிறோம். அம்மாவுக்கு மனமில்லை, ஆனாலும் விடுகிறார்.

சின்னப் பிராணியில் நஞ்சு குறைவு என்பதும் பிழை. பாதரசத்தின் ஒரு நச்சு வடிவமான மீதைல் பாதரசம் மட்டும், சின்னதைப் பெரியது தின்னத் தின்ன, பெரிய மீனுக்குப் போகப் போகக் கூடும், சதையிலேயே கலந்திருக்கும். ஈயமும் கட்மியமும் பொதுவாக அப்படி ஏறுவதில்லை. எண்ணெய்க் கழிவிலுள்ள சில நச்சுகளை மீனின் ஈரல் உடைத்துவிடும், மட்டியால் அவ்வளவு முடியாது. அதனால் மீனை விட மட்டியில்தான் அவை தேங்கும்.

அப்புறம், கால்வாயைத் தூர்வாரினால் உடனே சுத்தம் என்ற நினைப்பு. வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற இடங்களில் கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடிக்கும் சேற்றைப் பார்த்தால் அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள்தான் உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. கிளறிக் காற்றுப் பட்டதும் அந்தப் பிடி தளர்ந்து, கொஞ்சம் நீருக்குள் வந்துவிடும். தூர்வாரும் நாட்களில் அந்தக் கால்வாய் கடலில் சேரும் பக்கம் பிடித்த நண்டையும் மட்டியையும் வாங்காதீர்கள். விற்பவரிடம் எடையைக் கேட்குமுன் எங்கே பிடித்தது என்று கேளுங்கள்.