வீடு வாங்குமுன் வளவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசியில் வருகிறார்கள். வெயில் இதமாக இருக்கும். முகப்பில் வெளிச்சம் நன்றாக விழும். தூணையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருப்பார்கள். அப்போது பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான். நான் 18 வருடமாக இந்த வட்டாரத்தில் வீடுகளைப் பரிசோதித்து எழுதிக் கொடுக்கிறேன். என்னைக் கேட்டால், ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் வாருங்கள் என்பேன். ஒரு வருடம் முழுக்க நடந்து பார்த்தாலும் தெரியாதது அன்றைக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர், வீடு என்ன விலை பெறும் என்று பார்க்கிறார். வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசு, எத்தனை பங்கு, யார் யார் கையெழுத்து வேண்டும் என்று பார்க்கிறார். இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஏணி வைத்து ஏறி கூரையைத் தாங்கும் கைமரத்தில் எது உளுத்திருக்கிறது என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. அமெரிக்காவில் இது தனித் தொழில். இந்தப் பரிசோதகர்களுக்கு 1976-லேயே அங்கே சங்கம் வந்துவிட்டது. நம் பக்கம் கொத்தனாரும் ஆசாரியும் இதை வாய்வார்த்தையாகச் சொல்லிவந்தார்கள். என் அப்பா கொத்தனார். சுவரில் விரலை மடக்கித் தட்டியே பூச்சு விட்டிருக்கிறதா பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அதையே நான் வரிசையாகப் பார்த்து, படம் எடுத்து, எழுத்தில் கொடுக்கிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு எந்தக் குறையைச் சொன்னாலும் “பார்த்துத்தானே வாங்குனீங்க” என்ற பதில்தான் வரும்.

கையில் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. நல்ல டார்ச், குத்தூசி, தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, டெஸ்டர், பென்சில் போதும். அப்புறம் ஒரு குடம்.

முதலில் கூரை. நாட்டு ஓட்டுக் கூரையில் நீங்களாக ஏறவேண்டாம்; ஓடும் உடையும், காலும் உடையும். ஓட்டுவேலை தெரிந்த ஆளை ஏற்றி, போன் கேமராவில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். உள்ளே இருந்தும் பாருங்கள்: பகலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஓடு நகர்ந்த இடத்தில் வெளிச்சம் குத்தூசி மாதிரி இறங்கும். இரண்டு சரிவு சேரும் கூடல்வாய்தான் ரொம்ப முக்கியம். கூரைத் தண்ணீர் பாதி அங்கே பதித்திருக்கும் தகரத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. இலையும் வௌவால் எச்சமும் அடைத்துக்கொண்டு, தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், கீழே இருக்கும் விட்டத்தின் கதையை ஏறிப் பார்க்காமலே எழுதிவிடலாம்.

தேவகோட்டையில் ஓர் ஆச்சி வீட்டை விற்பதற்கு முன் பார்க்கச் சொன்னார்கள். வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியில், தேக்குத் தூண்கள், ஒவ்வொன்றும் நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. “தம்பி, இந்த வளவுல நாலு கலியாணம் நடந்திருக்கு, தூணுக்கு ஒண்ணும் வராது” என்றார்கள். தூணுக்கு ஒன்றும் இல்லைதான். வடமேற்கு மூலையில் விட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தில், சுவரோரமாக விரல் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கரையான் பாதை. குத்தூசியை விட்டத்தின் அடியில் வைத்து லேசாகத்தான் அழுத்தினேன், இரண்டு அங்குலம் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியில் ஈரமான மரத்தூள். ஆச்சி அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே ஏறிப் பார்த்தால் நேர் உச்சியில் கூடல்வாய்த் தகரத்தில் உள்ளங்கை அகல ஓட்டை. மழை அதில் இறங்கி, விட்டத்தின் நுனியை நனைத்து, அந்த ஈரத்துக்குக் கரையான் வந்திருக்கிறது. கரையானுக்கு மருந்து அடிப்பது பிறகு. தகரத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. ஈரம் நிற்காமல் மருந்து மட்டும் அடித்தால் காசுதான் போகும்.

அதனால் மரத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குப் படும் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள். சுவருக்குள் போகும் நுனி, நிலையின் அடிக்கால், தூண் கல்லில் உட்காரும் இடம், இந்த மூன்றிலும் குத்தூசி வையுங்கள். வீடு முழுக்க பர்மாத் தேக்கு என்று தரகர் சொல்வார். முகப்பிலும் வளவிலும் இருக்கலாம். வளவுக்குப் பின்னால் வரும் இரண்டாங்கட்டு, அடுப்படிப் பக்கம் வேறு மரம் போட்டிருப்பார்கள். தேக்கிலும் வைரம் பாய்ந்த பகுதியைத்தான் கரையான் சீக்கிரம் தொடாது, வெளுத்த வெளிப்பகுதியைத் தின்றுவிடும். தரையில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால் அது உளுவண்டு. கூட்டிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், மறுபடி கொட்டியிருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, குடம். மழை நாளில் வர முடியாதவர்களுக்கு இதுதான் மழை. வளவு முற்றத்தின் நடுவில் ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நம் வீடுகளில் நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். அங்கிருந்து தரைக்கடியில் ஓடும் சாக்கடை வழியாக வெளியே போகவேண்டும். ஊற்றிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, துவாரத்தில் சட்டென்று இறங்குகிறதா, தேங்கி நின்று மெதுவாக உறிஞ்சப்படுகிறதா என்று பாருங்கள். ஒருவரைத் தெருவில் சாக்கடை வாய் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே தண்ணீர் வரவே இல்லை என்றால், நடுவில் எங்கோ உடைந்து, வீட்டின் அஸ்திவாரத்துக்கே தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் ஆறு குடம் ஊற்றியும் வெளியே சொட்டு வரவில்லை. பட்டாசாலை என்கிற கூடத்தின் தரையில் ஆத்தங்குடி கல் ஒரு வரிசை மட்டும் அமுங்கியிருந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஆத்தங்குடி கல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது சிமெண்டில் செய்தது, மேலே வண்ணப் பூச்சு மெல்லிய ஏடு. வீடு காட்டுவதற்கு முன் ஆசிட் ஊற்றிக் கழுவினால் அந்த ஏடு அரித்துவிடும், பிறகு என்ன தேய்த்தாலும் பழைய பளபளப்பு வராது. விற்கிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாங்குகிறவர்கள் ஓரத்தில் இருக்கும் கல்லையும் நடுவில் இருக்கும் கல்லையும் தடவிப் பாருங்கள், நடுக்கல் சொரசொரப்பாக இருந்தால் கேளுங்கள்.

சுவரில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்திருந்தால் ஓதம், அதாவது தரை ஈரம், ஏறுகிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு தன் ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழித்த பூச்சு இத்தனை காலம் நின்றதற்குச் சுண்ணாம்பின் பக்குவம்தான் காரணம். இடையில் யாராவது அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சிமெண்ட் பூசி அதன்மேல் புதுப் பெயிண்ட் அடித்த சுவரைக் கண்டால் நான் அரை மணி நேரம் அங்கேயே நிற்பேன். விரலை மடக்கித் தட்டுங்கள். டொப்பென்று உள்ளீடற்ற ஓசை வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. விரிசல் இருந்தால் அது முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டாக வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கியதோடு விடாதீர்கள். வேர் உள்ளே இருக்கும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

மின்சாரத்தை நான் சுருக்கமாகத்தான் பார்ப்பேன், மீதியை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் பார்க்கவேண்டும். மரப்பட்டைக்குள் ஓடும் பழைய ரப்பர் வயர் இருந்தால் பேச்சே இல்லை, முழுதும் மாற்றியாக வேண்டும். எர்த் உண்மையில் இருக்கிறதா, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதையும் எழுதிவையுங்கள். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

புது வீடு வாங்குகிறவர்களுக்கும் இதே தண்ணீர்க் கணக்குதான். குளியலறைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டு மேற்கூரையைப் பாருங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கிய வட்டக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட்டில் கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக விரிசல் போனால் உள்ளே துரு பிடித்துவிட்டது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதுதான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. இரும்பரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அதன் வாசல் வழியாகத் தினமும் போகிறவர்கள்கூடச் சொந்த வீட்டு பால்கனி அடியில் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அறிக்கையை நான் மூன்றாகப் பிரித்து எழுதுவேன்: இப்போதே செய்யவேண்டியது, அடுத்த மழைக்குள் செய்யவேண்டியது, கவனித்துவந்தால் போதுமானது. ஒவ்வொன்றுக்கும் படம், எந்தக் கட்டு, எந்த மூலை என்ற குறிப்பு இருக்கும். பூட்டிக் கிடந்ததால் பார்க்க முடியாத அறையையும் “பார்க்கவில்லை” என்று எழுதிவிடுவேன். ஒரு வீட்டில் ஏழெட்டுப் புள்ளிக்கு, அதாவது பங்குள்ள குடும்பத்துக்கு, ஏழெட்டுச் சாவி, ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் என்று இருக்கும். பூட்டிய அறையில்தான் பெரும்பாலும் கூரை ஒழுகும். எல்லாச் சாவியும் வந்து சேரும்வரை விலையை முடிக்காதீர்கள்.

விற்கிறவர்கள் தாங்களே முதலில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. தேவகோட்டை ஆச்சி அப்படித்தான் செய்தார்கள். தகரத்தை மாற்றி, விட்டத்தின் நுனியை ஆசாரியை வைத்து வெட்டி ஒட்டுப்போட்டு, பழுது பார்த்த பில்லையும் என் அறிக்கையையும் வாங்க வந்தவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதற்குமேல் பேரம் பேசவில்லை. விற்கும் எண்ணமே இல்லாத பங்காளிகளும் வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், ஓட்டுக் கூரையையும் கூடல்வாயையும் சாக்கடையையும் பார்க்கச் சொல்லி, அந்தத் தாளை எல்லாப் பங்குக்காரர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். செலவைப் பிரிப்பதில் வரும் சண்டை பாதி குறையும்.

கடைசியாகப் பத்திரப்பதிவுக்கு முந்தின நாள் ஒருமுறை போங்கள். முன்பணத்துக்கும் பதிவுக்கும் நடுவில் பழைய சாமான் கடைக்கு ஏதாவது போய்விடுவது உண்டு. பரிசோதனை அன்றே கதவு, நிலை, தூண், தூண் தலையில் இருக்கும் போதிகை, பித்தளைக் குமிழ், நிலைக்கண்ணாடி, சரவிளக்குக் கொக்கி என்று எண்ணி எழுதிப் படம் எடுத்திருந்தால், அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுக் கட்டாக எண்ணுங்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் அப்படி எண்ணியபோது மூன்றாங்கட்டுக் கதவு இரண்டு குறைந்தது. பட்டியலைக் காட்டினோம். மறுநாள் காலை பதிவு அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு கதவும் வண்டியில் திரும்பி வந்து சேர்ந்தன.