கர்ப்ப காலச் சர்க்கரை: செக்கப்புக்காக மட்டும் பத்தியம் இருக்காதீர்கள்

குடியாத்தம் பக்கம் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் செவிலியர் நான். போன வருடம் வந்தவர்கள் செய்த அதே தவறுகளை இந்த வருடம் தலைப்பிரசவத்துக்கு வருகிறவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஸ்வீட், ஜூஸ் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் டெஸ்டோடு நிறுத்திவிடுவது

நஞ்சுக்கொடி வளர வளர, அதில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. அதனால் மூன்றாம் மாதத்தில் சர்க்கரை இல்லை என்றாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடங்குவோம். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

செக்கப்புக்கு முந்தின நாள் பட்டினி கிடப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு ஒவ்வொரு செக்கப்பிலும் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழேயும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழேயும் இருக்கிறதா என்று பார்ப்போம். டாக்டர் திட்டுவார் என்று பயந்து முந்தின நாள் ராத்திரி மோரோடு படுத்துவிடுகிறார்கள். காலையில் ஒரே ஒரு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுக்கிறார்கள்.

பீடி சுற்றும் வீட்டுப் பெண் ஒருத்தி. அட்டையில் எல்லா நம்பரும் அழகாக இருந்தது. ஆனால் ஸ்கேனில் குழந்தை மாதத்துக்கு மீறிப் பெருசு, பனிக்குட நீரும் அதிகம். "வீட்டுல என்னம்மா சாப்பிடற?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார்தான் உடைத்துச் சொன்னார்: "சிஸ்டர், இங்க வர்ற நாள்லதான் இவ பட்டினி. மத்த நாள்ல ரெண்டு உருண்டை களி, மேல சோறு." வழக்கம்போல் சாப்பிடச் சொல்லி மறுநாள் பார்த்தோம். 190-ஐத் தாண்டியது.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் டாக்டர் இன்சுலின் வேண்டாம் என்று வாரக்கணக்கில் விட்டிருந்தார். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினை அதிகமாகச் சுரக்கும், உடம்பு பெருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், ஆனால் சுரந்த இன்சுலின் அப்படியே இருக்கும். அந்தக் குழந்தைக்கும் இதுதான் நடந்தது. பிறந்த சிறிது நேரத்தில் சர்க்கரை இறங்கி, கை கால் நடுங்கி, தனி வார்டில் வைத்துக் காப்பாற்றினோம்.

செக்கப் என்ன பரீட்சையா, மார்க் வாங்க? தினமும் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நம்பர் கூடினால் மருந்து இருக்கிறது. பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வரும் கீட்டோன் என்ற பொருள் வேறு சேரும், அது குழந்தைக்கு நல்லதல்ல.

களிக்குக் கணக்கில்லை என்று நினைப்பது

நம் ஊரில் கேழ்வரகு என்றால் சர்க்கரைக்கு மருந்து என்றே நம்புகிறார்கள். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் உண்டு, சரி. ஆனால் அதிலும் அரிசி போல மாவுச்சத்துதான் அதிகம். சின்ன உருண்டையாக ஒன்று, கூடவே கீரையோ முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்போ, ஒரு முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

இன்சுலினுக்குப் பயப்படுவது

குழந்தைக்குப் போகாது. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும்.

பிரசவத்தோடு மறந்துவிடுவது

இந்தச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும், இந்த முறை வெறும் வயிற்றோடு. குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே சமயத்தில்தான் வரும். ஊசி போட வருகிற அன்றே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.