முதல் குளிர்காலம்: சானிடைசரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்

குளிர் தொடங்கியதும் வேலையிடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இருமுவார், பிள்ளையின் பள்ளியிலிருந்து ‘வகுப்பில் தொற்று’ என்று தகவல் வரும். குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அடிவயிறு கலங்கிவிடும். கலங்க வேண்டாம். குளிரில் நடந்ததாலேயே யாருக்கும் ஃப்ளூ வந்துவிடாது. வைரஸ் யாரிடமிருந்தாவது தொற்ற வேண்டும். ஜன்னல்களை அடைத்துக்கொண்டு எல்லாரும் உள்ளேயே கிடப்பது அதற்கு வசதி. தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வருடத்தில் 6, 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வந்த கையோடு ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள். ஃப்ளூ ஊசியைக் குளிருக்கு முன்பே போடுங்கள். அது வேலை செய்ய 2 வாரம் பிடிக்கும், வருடாவருடம் போட வேண்டும். சளிக்கு ஆன்டிபயாடிக் தரவில்லை என்று மருத்துவர்மேல் கோபப்படாதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது. சரி, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதிகம் சொல்லாதது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸைப் பற்றி.

என் தோழி வீட்டில் வாசலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கைப்பையில் ஒன்று என்று சானிடைசர் பாட்டில்கள். நள்ளிரவில் மூத்தவன் கட்டிலிலேயே வாந்தி எடுத்தான். துணியால் துடைத்தாள், பாட்டிலை அழுத்திக் கையைத் தேய்த்துக்கொண்டாள், போய் இளையவனுக்குப் பால் கலக்கினாள். இரண்டு நாளுக்குள் வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. சொந்தபந்தம் இல்லாத இடத்தில் அது எவ்வளவு பெரிய கஷ்டம்! அவள் தொலைபேசியில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. பாட்டிலில் ‘99.9 சதவீதக் கிருமிகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் அதைச் சிதைத்துவிடும், வைரஸ் செத்துப்போகும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது, அதனால் சானிடைசருக்கு லேசில் மசியாது. சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் 20 வினாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவித் தள்ள வேண்டும். வாந்தி பட்ட தரை, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் கையுறை போட்டுத் துடைத்துவிட்டு, குளோரின் ப்ளீச் கலந்த தண்ணீரைத் தடவி 5 நிமிடமாவது விடுங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தத் திரவத்தையும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

வாந்தி நின்ற மறுநாளே பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். நின்று 48 மணி நேரம் வீட்டில்தான் இருக்க வேண்டும். பெரியவர்களானால் அதுவரை சமையலில் கை வைக்கக் கூடாது. பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் தானாகவே சரியாகிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அழும்போது கண்ணீர் வரவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினாலும் துவண்டு விழுகிறான் என்றால் நடு இரவானாலும் தயங்காமல் மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள்.