பத்து நிமிடத்தில் நின்றுபோகும் செயின்சா

குலசேகரம் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பட்ட மரங்களை அறுக்கும்போது செயின்சா பத்து நிமிடம் ஓடும், அப்புறம் திணறி நின்றுவிடும். தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை காபிப்பொடி நிறத்தில் நன்றாகவே இருந்தது. ஏர் பில்டரைத் துடைத்தும் பயனில்லை. சரி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது! டேங்குக்குக் காற்று போகும் சிறு துவாரத்தை மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அடைத்திருந்தன. காற்று போகாவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. துவாரத்தைச் சுத்தம் செய்தேன். டேங்குக்குள் கிடக்கும் பில்டரையும் கம்பிக் கொக்கியால் இழுத்து மாற்றினேன். இப்போது டேங்க் காலியாகும்வரை ஓடுகிறது. என் மெஷினுக்குப் பெட்ரோல்-ஆயில் கலவை 50:1, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதனால் மழைக்காலத்தில் டேங்கில் மிச்சம் வைப்பதே இல்லை.